மைக்கை அணைத்த பிறகு

பள்ளிப்பட்டில் தேர்தல் என்றால் இரண்டு மாநிலத்துத் தேர்தலும் காதில் விழும். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரம். நகரிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் வழியிலேயே சுவர் விளம்பரத்தின் எழுத்து மாறிவிடும், கொடியின் நிறம் மாறிவிடும், கை கூப்பி நிற்கும் முகங்களும் மாறிவிடும். கூப்பிய கை மட்டும் மாறாது.

என் தாய்மாமா ரேடியோ செட் கடை வைத்திருந்தார். இப்போது சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு மாட்டுகிறார்கள். அன்றைக்குக் கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ரேடியோ செட்தான். ஓர் அஹுஜா ஆம்ப்ளிஃபையர், குழாய் ஸ்பீக்கர்கள், ரெக்கார்டு பிளேயர், கரண்ட் போனால் மாட்டுவதற்கு ஒரு பேட்டரி, டியூப்லைட் கட்டிய சவுக்குக் கட்டைகள். இவ்வளவுதான் சொத்து. நைனாவுக்குத் தறி. எனக்குத் தறிக்குழியில் கால் விட்டு உட்காரப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மாமா கடைக்கு ஓடி ஒயர் சுற்றுவேன். 1977இல் மார்ச்சில் பார்லிமென்ட்டுக்கும் ஜூனில் சட்டமன்றத்துக்கும் தேர்தல் வந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு. அந்தப் பணத்தில்தான் மாமா இரண்டாவது ஆம்ப்ளிஃபையர் வாங்கினார். நானும் அந்த வருஷம்தான் வாடகைக் காரில் மைக் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தேன்.

1982இல் என்.டி.ராமாராவ் தெலுங்கு தேசத்தைத் தொடங்கி, சைதன்ய ரதம் என்று ஒரு வேனில் ஏறிக் கிளம்பினார். அடுத்த ஜனவரித் தேர்தலில் அவர் நின்ற தொகுதிகளில் திருப்பதியும் ஒன்று. எங்கள் பக்கத்துச் செட்டுக்காரர்களுக்கு அந்தப் பக்கமும் வேலை கிடைத்தது. வீட்டில் தெலுங்கு பேசி, தெருவில் தமிழ் பேசி வளர்ந்த பையன்கள் நாங்கள். ஒரே தொண்டையால் இரண்டு மாநிலத்துக்கும் ஓட்டுக் கேட்டோம். ஆட்சி எந்தப் பக்கம் மாறினாலும் எங்களுக்கு வாடகை பாக்கி இருந்தது.

செட்டுக்காரன் உட்காரும் இடம் மேடைக்குப் பின்னால், இல்லையென்றால் பக்கவாட்டில். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேர் தலைவரின் முகத்தைப் பார்ப்பார்கள். நான் முதுகைப் பார்ப்பேன். முகம் பேசப் பழகியது, முதுகுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மைக் இருக்கும்போது 'என் உயிரினும் மேலான' என்று தொடங்குகிறவர், ஆம்ப்ளிஃபையரை நான் அணைத்ததும் டிரைவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்பது எனக்குக் கேட்கும். சோடா கொண்டுவந்த பையனின் முகத்தைப் பார்த்து வாங்குகிறாரா, கையை மட்டும் நீட்டுகிறாரா என்பது தெரியும். மழை வந்தால் யார் முதலில் காருக்கு ஓடுகிறார்கள், யார் 'ஆம்ப்ளிஃபையரை மூடுப்பா' என்கிறார்கள் என்பதும் தெரியும். இதையெல்லாம் வைத்து ஒருவரை எடை போடுவது அநியாயம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். களைப்பு, பசி, தொண்டை வலி எல்லாருக்கும் உண்டு. ஆனால் ஒரு சோதனை மட்டும் பிசகாமல் வேலை செய்தது. அது துண்டுச் சீட்டு.

தமிழ்நாட்டு மேடையில் துண்டுச் சீட்டுக்குத் தனி வாழ்க்கை உண்டு. 'நேரமாகிறது, முடிக்கவும்', 'வட்டச் செயலாளர் பெயரை விட்டுவிட்டீர்கள்', 'பத்து மணிக்கு மேல் பேசினால் போலீஸ் கேஸ்'. எல்லாம் சிகரெட் அட்டையிலும் நோட்டீஸின் பின்பக்கத்திலும் எழுதப்பட்டுப் பின்னாலிருந்து வரும். பல சமயம் என் கை வழியாகத்தான் போகும். சிலர் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். சிலர் படித்துவிட்டுக் குரலை இன்னும் உயர்த்துவார்கள். ஒருவர் கசக்கி என் பக்கமாகவே வீசினார். கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளர் என்னைப் பிடித்து, "தலைவரு பேசுறப்ப சீட்டு குடுக்கறியே, உனக்கு இன்னா தைரியம்?" என்று கத்தினார். சீட்டை எழுதிக் கொடுத்ததே அவர்தான்.

இதில் ஒரு சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பெரியப்பா எல்லைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அப்படியே அந்தப் பக்கம் போனது. அதோடு திருத்தணியும் போனது, நாங்களும் போனோம். மதராஸ் நகரமே யாருக்கு என்ற சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அதற்கு முன்பிருந்தே அரக்கோணம், திருத்தணி வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்த் தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார் மங்கலங்கிழார் என்ற ஆசிரியர். சென்னையிலிருந்து ம.பொ.சி. வந்தார். 1946இல் தமிழ் அரசுக் கழகம் தொடங்கியவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர். பெரிய மீசை. பெரியப்பா அந்த மீசையைத்தான் முதலில் சொல்வார். பிறகு, "மனுசன் பேசினா நெசவுக்காரனுக்கும் வெளங்கும், வாத்தியாருக்கும் வெளங்கும்" என்பார். தடையை மீறினார்கள், கைதானார்கள், அடி வாங்கினார்கள். மங்கலங்கிழார் முடிவைப் பார்க்கவில்லை. 1953லேயே போய்விட்டார்.

முடிவு வந்தது எச்.வி. படாஸ்கர் வழியாக. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே சமரசம் பேச வந்தவர். சென்னையில் காமராஜர் முதலமைச்சர், ஐதராபாத்தில் சஞ்சீவ ரெட்டி. படாஸ்கர் கையாண்ட முறை எளிமையானது: கிராமத்தை அலகாக வைத்துக்கொள், அங்கே எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று பார், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார். 1959இல் பார்லிமென்ட்டில் சட்டம். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும் அதை ஒட்டிய ஊர்களும் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தன. பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. திருப்பதியைக் கேட்டவர்களுக்குத் திருத்தணி கிடைத்தது. இரண்டு முதலமைச்சர்களும் தங்கள் ஊர் மேடைகளில் ஏச்சு வாங்கத் தயாராக இருந்ததால்தான் அது நடந்தது என்பது என் எண்ணம். முழு வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரு தனி மனசு வேண்டும். பெரியப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். திருப்பதி போனது அவருக்குச் சாகிற வரைக்கும் ஆறவில்லை. ஆனால் அவர் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் உட்கார்ந்து பேசுகிற சிநேகிதர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்தான். எல்லைச் சண்டையைப் பற்றித் தெலுங்கிலேயே வாதம் செய்வார்.

இப்போது சீட்டு. எண்பதுகளின் நடுவில் ஒரு பொதுக்கூட்டம். சென்னையிலிருந்து வந்த ஒரு பேச்சாளர், கட்சியில் கொஞ்சம் பெரிய ஆள். மாநிலப் பொறுப்பில் இருந்தவர். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், படியேறிப் பார்க்கும் முருகன் என்று வழக்கமான பல்லவி முடிந்ததும் எல்லைக்கு வந்தார். "1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மண் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே…" என்று கையை உயர்த்தினார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா எழுந்து நடந்து மேடைக்குப் பின்னால் என்னிடம் வந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பீடிக்கட்டுக் காகிதத்தின் பின்பக்கம் எழுதினார். '1960 ஏப்ரல் 1. 56இல் நாங்கள் ஆந்திராவில் இருந்தோம். மங்கலங்கிழார் பெயரையும் சொல்லவும்.' கையெழுத்து இல்லை. "குடுடா" என்றார். எனக்குக் கிளைச் செயலாளரின் ஞாபகம் வந்தது. "பெரிப்பா, வேணாம்." "குடுடா. தப்புத் தேதிய மைக்குல சொன்னா ஊருக்கே தப்பாப் பூடும்."

கொடுத்தேன். பேச்சாளர் படித்தார். நிறுத்தினார். கூட்டத்துக்கு அந்த இடைவெளி புரியவில்லை, கை தட்டினார்கள். அவர் கையமர்த்திவிட்டு, "நான் சொன்ன தேதி தப்பு. உங்க ஊர்க்காரர் ஒருத்தர் திருத்தியிருக்கார். 1960 ஏப்ரல் 1. இன்னொரு பெயரும் எழுதியிருக்கார், மங்கலங்கிழார். அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாத ஒருத்தரைப் பற்றிப் பேசக் கூடாது, தெரிஞ்சுக்கிட்டுப் பேசறேன்" என்றார். பேச்சின் வேகம் போய்விட்டது. மேடையில் இருந்த உள்ளூர்ப் பிரமுகர்கள் முகம் சுளித்தது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

கூட்டம் முடிந்து இறங்கியவர் நேராக என்னிடம் வந்து, "தம்பி, அந்தச் சீட்டு குடுத்தது யாரு?" என்று கேட்டார். காட்டினேன். டீக்கடை பெஞ்சில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர் வந்து, அண்ணா, ஆர்.கே.பேட்டையில் சாப்பாடு சொல்லியிருக்கு என்றார். "சாப்பாடு ஆறட்டும்" என்றார். பெரியப்பா பேசினார். அவர் நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். டீக்குக் காசை யார் கொடுத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. செட்டைக் கழற்றும் வேலை இருந்தது.

சில மாதம் கழித்து பொதட்டூர்பேட்டையில் அதே ஆளுக்கு நாங்கள்தான் செட் கட்டினோம். எல்லையைப் பற்றிப் பேசும் இடம் வந்தது. நான் ஆம்ப்ளிஃபையரில் குனிந்திருந்தவன் நிமிர்ந்தேன். தேதியைச் சரியாகச் சொன்னார். மங்கலங்கிழாரைப் பற்றி நிதானமாகப் பேசினார். பள்ளிப்பட்டில் ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தது என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் சேர்ந்திருந்த கட்சிக்கு நான் ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்தப் பீடிக்கட்டுக் காகிதம்தான் எனக்கு ஞாபகம் வரும். ஏழையாக இருக்க வேண்டாம், அழுக்கு வேட்டி கட்ட வேண்டாம். தன்னைத் திருத்துவதற்கு ஒருவர் நெருங்கி வர வழி விட்டு வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. அதுவே பெரிதாகிவிட்டது.

மேடைகளில் பணிவு என்றால் உடனே காமராஜர் வந்துவிடுவார். விருதுநகரில் அம்மா வீட்டுக்கு முனிசிபாலிட்டிக்காரர்கள் தனியாகப் போட்டுக் கொடுத்த தண்ணீர்க் குழாயை எடுக்கச் சொன்ன கதையை எத்தனை வாயால் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. அடுத்தது கக்கன். மந்திரியாக இருந்தவர், மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் படுத்திருந்தது, எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்தது. கேட்பவர்களின் கண் கலங்கும், சொல்பவர் குரல் தழுதழுக்கும். பிறகு அவர் ஏறிப் போகும் காரின் விலையைப் பற்றி செட்டுக் கட்டும் பையன்கள் பேசிக்கொள்வார்கள். செத்தவர்களின் எளிமையைப் புகழ்வதற்குச் செலவு கிடையாது என்பதைச் சின்ன வயசிலேயே நாங்கள் கற்றுக்கொண்டோம்.

எளிமையைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காமராஜரைப் பற்றி எங்கள் மேடைகளில் நான் கேட்கவே கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது. 1954இல் கட்சியின் சட்டமன்றத் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். ஜெயித்த காமராஜர், எட்டுப் பேர் கொண்ட தன் சின்ன மந்திரிசபையில் இருவரையும் சேர்த்துக்கொண்டார். எதிர்த்தவர்களைத் தினமும் மேஜைக்கு எதிரே உட்கார வைத்து வேலை வாங்கியவர். ஒரு குழாயை எடுக்கச் சொல்வதைவிட அது கஷ்டம். குழாய்க் கதை ஏன் பரவியது, மந்திரிசபைக் கதை ஏன் பரவவில்லை என்று யோசித்தால் விடை சுலபம். இரண்டாவது கதையை மேடையில் சொன்னால், சொல்கிறவர் தன் கட்சியில் எதிர்த்து நின்றவரை என்ன செய்தார் என்று யாராவது கேட்பார்கள்.

இன்றைய காலத்தில் என் மனசுக்குப் பிடித்தது நல்லகண்ணுவின் ஐயாயிரம். 2022இல் அவருக்கு அரசு தகைசால் தமிழர் விருது கொடுத்தது, கூடவே 10 லட்சம் ரூபாய். அவர் தன்னிடமிருந்த 5,000 ரூபாயையும் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். பத்து லட்சத்தைத் திருப்பிக் கொடுப்பது பெரிய மனசுதான். அதன்மேல் ஐந்தாயிரம் வைத்ததில்தான் ஒரு குறும்பு இருப்பதாக எனக்குப் படுகிறது. 'கொடுப்பதற்கு என்னிடமும் இருக்கிறது' என்கிற குறும்பு.

பெரிய பெயர்கள் போதும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1986இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஒன்றியத்தில் நின்ற ஒருவருக்கு நாங்கள் செட் கொடுத்திருந்தோம். தறி வைத்து, சுற்று ஊர் நெசவாளர்களுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்கும் ஆள். தோற்றுப்போனார். எங்கள் தொழிலில் தோற்றவரிடம் பாக்கி வசூல் செய்வது தனிக் கலை. "ஜெயிச்சவனுக்கு ஞாபகம் இருக்காது, தோத்தவன் வீட்ல இருக்க மாட்டான்" என்பார் மாமா. அதனால்தான் பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுவார். மீதியைக் கோயில் உண்டியலில் போட்டதாக நினைத்துக்கொள்வார்.

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் காலையில் அந்த ஆள் டி.வி.எஸ். 50இல் வந்து இறங்கினார். கண் சிவந்திருந்தது, தூங்கியிருக்க மாட்டார். மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

"எதுக்குண்ணா அவசரம், பொறவு பாத்துக்கலாமே" என்றார் மாமா. பணம் வராது என்று எழுதி வைத்துவிட்ட கணக்கு அது.

"அவசரம் ஒண்ணுமில்ல. உங்க பையன் தொண்ட கட்டற வரைக்கும் எனக்காகக் கத்தினான். பாக்கி வெச்சா நல்லா இருக்காது. முழுசா இல்ல, மீதிய ரெண்டு தவணையா குடுக்கறேன்."

பிறகு ஒன்று கேட்டார். அன்றைக்கு ஒருநாள் வண்டியும் மைக்கும் வேண்டும், வாடகை எவ்வளவு? எதற்கு என்றதும், ஓட்டுக் கேட்ட தெருவுக்கெல்லாம் போய் நன்றி சொல்ல வேண்டும் என்றார். மாமா சிரித்துவிட்டார். ஜெயித்தவர்கள்தான் அந்தக் காரியம் செய்வார்கள், அதுவும் மாலையோடு. நான்தான் கூடப் போனேன். ஒவ்வொரு தெருவிலும் மைக்கை அவரே வாங்கி, ஓட்டுப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நன்றி, ஜெயித்தவருக்கு வாழ்த்து என்று இரண்டு வரி, தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை. ஒரு தெருவில் கிழவி ஒருத்தி வெளியே வந்து, "நைனா, நான் உனக்குப் போடல" என்றாள். "தெரியும் ஆயா. உன் தெருவுல எனக்கு விழுந்த ஓட்டு எனக்குத் தெரியாதா" என்றார். கிழவியும் சிரித்தாள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆனால் தாசில்தார் ஆபீஸ் வாசலில், முதியோர் பென்ஷன் காகிதத்தோடு யாரையாவது கூட்டிக்கொண்டு நிற்பதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அன்றைய வண்டி வாடகையை மட்டும் மாமா வாங்கவில்லை.

தலைவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போனதை ஒயரின் நீளத்தில் நான் பார்த்தேன். 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தார். குரல் கிடையாது, படம்தான். மாமா எங்கிருந்தோ ஒரு டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்குக் கொண்டுவந்து தெருமுனையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் அவர் சாப்பிடுவதைப் பார்த்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தொகுதியில் கால் வைக்காமலேயே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். அந்த அன்பை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதைப் பார்த்த மற்ற தலைவர்கள், நேரில் வர வேண்டிய அவசியமில்லை என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றும்.

1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூர். எங்கள் அதே செங்கல்பட்டு மாவட்டம். மாலை போட வந்த ஒருத்தி வெடித்துச் சிதறினாள், ராஜீவ் காந்தி போனார். அதற்குப் பிறகு கூட்டம் என்றால் சவுக்குக் கட்டைத் தடுப்பு, மேடைக்கு முன்னால் வெறும் தரை, அடையாள அட்டை இல்லாமல் செட்டுக்காரன்கூட மேடைப் பக்கம் போக முடியாத நிலை. பாதுகாப்பு வேண்டியதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயம் தேவைப்படாத சின்னத் தலைவர்களும் அந்தத் தடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒன்றியச் செயலாளருக்குக்கூடச் சுற்றி நான்கு பேர் கை கோத்து நடந்தார்கள். துண்டுச் சீட்டு கொடுக்க வழியில்லாமல் போனது அப்போதுதான்.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. திருத்தணியில் டிசம்பர் 31 ராத்திரி படி பூஜை நடக்கும். வருஷத்து நாட்களுக்கு ஒன்றாக 365 படி, படிக்கு ஒரு சூடம், ஒரு பாட்டு. இதை ஆரம்பித்து வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், நூறு வருஷத்துக்கு முன்னால். அப்போது புது வருஷத்தன்று உத்தியோகஸ்தர்கள் பழமும் மாலையுமாக வெள்ளைக்காரத் துரை பங்களா வாசலில் நிற்பார்கள். எல்லாத் துரைக்கும் பெரிய துரை தணிகைமலை மேல் இருக்கிறான், முதலில் அவனைப் பாருங்கள் என்று சுவாமிகள் கூட்டத்தைத் திருப்பிவிட்டார். படி பூஜை இன்றைக்கும் ஜே ஜே என்று நடக்கிறது. ஆனால் ராத்திரி முருகனைப் பார்த்துவிட்டு, காலையில் சால்வையோடு துரை வீட்டு வாசலுக்கும் போய்விடுகிறோம். இரண்டு பக்கமும் பயம். கட்அவுட் வைப்பதும், பாலை ஊற்றுவதும், காலில் விழுவதும் தலைவர் கேட்டு நடப்பதைவிட நாங்களாகச் செய்வதுதான் அதிகம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தபோது எல்லாக் கட்சிகளும் இனி பேனர் வைக்காதீர்கள் என்று அறிக்கை விட்டன. எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் பிளெக்ஸ் கடைக்காரன் கொஞ்ச நாள் சும்மா இருந்தான். பிறகு அவனுக்கு ஓவர்டைம்.

2021 நவம்பர் வெள்ளம் எங்களுக்கு மறக்காது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தார்கள். ஆறு புரண்டு வந்து நெடியம், சாமந்தவாடா தரைப்பாலங்களைச் சிதைத்தது. மாத்திரை வாங்கப் பள்ளிப்பட்டு வர வேண்டியவர்கள் பல கிலோமீட்டர் சுற்றினார்கள். தலைவர்கள் வந்தார்கள். எல்லாக் கட்சியும் வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வந்ததே நல்லது என்பேன், வராதவர்களும் இருந்தார்கள். ஆனால் தண்ணீர் வடிந்து, கேமராவும் போன பிறகு மறுபடி வந்தவர் யார் என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. கேட்டால் டீக்கடையில் பேர் பேராகச் சொல்வார்கள். அணையைத் திறக்கும் முன் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்வதற்கு இரண்டு மாநிலத்து ஆட்களும் ஒன்றாக உட்கார வேண்டும். படாஸ்கர் காலத்தில் நிலத்தையே பேசிப் பிரித்துக்கொண்டவர்கள், தண்ணீர் வரும் நேரத்தைப் பேசிக்கொள்ள முடியாதா என்று பெரியப்பா இருந்திருந்தால் சீட்டு எழுதியிருப்பார்.

கடையை இப்போது என் மகன் பார்க்கிறான். கார்ட்லெஸ் மைக், டி.ஜே. பாக்ஸ். 2022 அக்டோபர் 2ஆம் தேதி பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிராம சபை. சின்ன வேலைதான், பையனுக்கு வேறு ஆர்டர் இருந்ததால் நான் போனேன். ஊராட்சித் தலைவர் ஒரு பெண். 2019 தேர்தலில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கியதில் ஜெயித்தவர். கிராம சபையில் மேடை கிடையாது. பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு மேஜை, ஜனங்களுக்கு ஜமுக்காளம். மைக்கை நான் ஜமுக்காளத்தில் இருப்பவர்களிடம் கொடுத்து வாங்க வேண்டும்.

ஒரு பாட்டி மைக்கைப் பிடித்தாள். தரைப்பாலம் உடைந்து வருஷம் ஆகப்போகிறது, எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டாள். தலைவரின் வீட்டுக்காரர் பின்னால் நின்றிருந்தார், வழக்கம்போல் அவரே பதில் சொல்ல முன்னால் வந்தார். அந்த அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மனுசன் அப்படியே சுவரோடு போய்விட்டார். பிறகு மைக்கை வாங்கி, "பாட்டி, பாலம் பஞ்சாயத்துப் பணத்துல கட்ட முடியாது. என் கையில இல்ல. மனு குடுத்திருக்கேன், ரசீது இருக்குது" என்று பையிலிருந்து காகிதங்களை எடுத்துத் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "பதில் வரல. அது என் தப்பா இல்லையான்னு நீங்க சொல்லுங்க."

"கேட்டா ரசீது காட்டுற. நடந்து போற காலுக்கு ரசீது ஆகுமா?"

"ஆகாதுதான்."

"அடுத்த கூட்டத்துல மறுபடி கேப்பேன்."

"கேளுங்க. நீங்க கேட்டத தீர்மானத்துல எழுதிக்கறேன், உங்க பேரோட." எழுத்தரிடம் சொல்லி எழுத வைத்து, எழுதியதைப் படித்தும் காட்டச் சொன்னார். பேரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது என்றாள் பாட்டி. திருத்தினார்கள்.

அந்த வருஷத்திலிருந்து நவம்பர் 1ஆம் தேதியும் கிராம சபை உண்டு என்று அரசு அறிவித்திருந்தது. அதற்கும் நான்தான் போனேன். வரவேற்பு, தீர்மானம் எதுவும் தொடங்கும் முன் தலைவர் என்னைக் கூப்பிட்டு, மைக்கை முதலில் பாட்டியிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். பாட்டி பாலத்தை விட்டுவிட்டு ரேஷன் கடைத் தராசைப் பற்றி ஆரம்பித்தாள்.